கூரைக்குள் ஒரு மணவறை

நவம்பர் 9, ஞாயிறு
காலையில் லக்சிகாவின் அறைக்குள் போனேன். பிள்ளை குளிர் ஜக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். பியர்ஃபித் ஊரில் சொந்த வீடு வாங்கி என்ன பிரயோசனம்? "நத்தாருக்குப் பிறகு மனோன் வீட்டை போய் இருக்கப்போறன்" என்றாள், பிரெஞ்சில். மனோன் கூடப் படிக்கிறவள். கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. போனால் திரும்பி வருவாளா?

நவம்பர் 12
கூரை வேலை செய்யும் ழான்-மார்க் வந்து பார்த்தார். வீட்டுச் சூடெல்லாம் கூரை வழியே ஓடுகிறதாம். இரண்டு வழி சொன்னார். கூரைச் சரிவில் பஞ்சுத் தகடு அடிக்கலாம். ஆனால் எங்கள் கூரை பதிவு, தலை இடிக்கும், அதனால் மெல்லிசாகத்தான் அடிக்கலாம், அரைகுறைச் சூடுதான் வரும். இல்லாவிட்டால் லக்சிகாவின் அறைக்கு மேலே, கூரைக்குள் இருக்கும் தளம் முழுக்கக் கடதாசிப் பஞ்சைக் குழாயால் ஊதி நிரப்பலாம். நல்ல கணகணப்பு. அதன்மேல் ஒரு சாமானும் வைக்கக்கூடாது.

அங்கேதானே என் வீட்டுக்காரருடைய மணவறை! தூண், குடை, இரண்டு அன்னம். லக்சிகா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு வாங்கினது. அவளுடைய கலியாணத்துக்கும் அதுதான் என்று வைத்திருக்கிறார். அதுவரைக்கும் லா சப்பல் தமிழ்ச் சனத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இரவல்.

"சரிவிலை அடிக்கட்டும். மணவறையை அசைக்கேலாது" என்றார் இவர்.

நவம்பர் 13
இவருக்குச் சோறு போட்டேன், அவ்வளவுதான்.

நவம்பர் 16
வாயை அடக்க முடியவில்லை. "ஊர்ப் பிள்ளையள் எல்லாம் உங்கடை மணவறையிலை இருக்கட்டும், உங்கடை பிள்ளை விறைச்சுப் போகட்டும்!" என்று கத்திவிட்டேன்.

இவர் மேலே போனார். லக்சிகா வெளியே போயிருந்தாள். அவளுடைய கட்டிலில் படுத்துப் பார்த்தாராம். இறங்கி வந்து, "உவள் ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்கிறார்.

சொன்னவள்தான். அப்ப இந்த மனிசன் ஆருக்கோ போனிலை மணவறை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிண்டவர்.

நவம்பர் 22
விழா மண்டபம் வைத்திருக்கும் சஞ்சீவன், இவர் சொல்லி, வான் வண்டியோடு வந்து மணவறை முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனான். இனி மண்டபத்துக்கே சொந்தம். "கவனம் தம்பி, அன்னத்தின்ரை கழுத்து உடையும்" என்று இவர் வாசல்வரை பின்னால் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எடுக்கச் சொன்னதும் நான், அழுவதும் நானா?

டிசம்பர் 2
பஞ்சு ஊதியாயிற்று. பெரிய வேலை என்று பயந்திருந்தேன், மத்தியானத்துக்குள் முடிந்தது. பார்ப்போம்.

ஜனவரி 6
விடிய எழும்பினால் ஊரெல்லாம் ஸ்னோ. பத்து மணிபோல இவர் வெளியில் நின்று கூப்பிடுகிறார்: "இஞ்சை ஓடி வாரும்! எல்லாற்றை கூரையிலும் உருகீட்டுது, எங்கடையிலை மட்டும் அப்பிடியே கிடக்கு. ஏமாத்திப்போட்டான்!"

நானும் நம்பிவிட்டேன். ழான்-மார்க்குக்குப் போன் எடுத்தால் அந்த ஆள் சிரிக்கிறார். வீட்டுச் சூடு மேலே போகவில்லை, அதனால்தான் உருகவில்லையாம். இவர் உடனே அயலட்டைக்கெல்லாம் கையை நீட்டிக் கூரையைக் காட்டத் தொடங்கிவிட்டார். வெட்கம் கெட்ட மனிசன்!

லக்சிகாவை எழுப்பப் போனேன். வெறும் சட்டையோடு, போர்வையைக் காலால் உதைத்துவிட்டு நித்திரை. பக்கத்தில் மனோன். நத்தாரிலிருந்து இங்கேதான் நிற்கிறாள். அவள் வீட்டில் சரியான குளிராம்.

மத்தியானத்துக்கு நாலு பேருக்குச் சமைக்க வேண்டும்.