மேபலின் மட்டையில் வலை ஈயம்

தோஹா,
3.5.1986

அன்பு மேபல்,

கர்த்தர் கிருபையால நான் நல்ல சுகம். நீயும் மம்மியும் எப்படி இருக்கிறீங்க?

உன்ட கடிதம் கிடைச்சது. முழுக்க உன்னோட விளையாட வாற அந்த யூஸ்டஸின்ட புராணம். நான் இறுக்கிக் கட்டித் தந்த டென்னிஸ் மட்டையின்ட நரம்பை அறுத்துப்போட்டு, மீன்பிடிக்கிற தங்கூசி நைலோன் நூலைத் தளர்வாக் கட்டினானாம். மீன்வலையில பாரத்துக்குக் கட்டுற வலை ஈயத்தைத் தட்டி மட்டையின்ட தலைப்பக்கம் ஒட்டினானாம். இப்ப உன்ட அடி பறக்குதாம்.

பறக்கும்தான். நரம்பு தளர்ந்தால் பந்து துள்ளும், தலை பாரமானால் வேகம் கூடும். ஆனா நினைச்ச இடத்தில விழாது. நீ தோளிலிருந்து முழுக்க வீசி அடிக்கிறவள். வேகம் உன்ட கையிலேயே இருக்கு, மட்டைதான் அடக்கவேணும். அதுக்குத்தான் இறுக்கிக் கட்டினன். டென்னிஸ் கோர்ட் வேலிக்கு அங்கால ஆமிக் காம்ப். அதுக்குள்ள விழுந்த பந்தை அவன் போய் எடுத்துத் தந்தானாம், பெரிய வீரன்! அவன் இல்லாத நாளில ஆர் போறது?

இஞ்ச டென்னிஸ் கிளப்பில எனக்கு மட்டைக்கு நரம்பு கட்டுற வேலைதான். நேற்று உன்ட கடித நினைவில மெஷினைக் கூடுதலா முறுக்கினதில நரம்பு அறுந்து கன்னத்தில அடிச்சிட்டுது. சின்னக் கீறல்தான், பயப்படாதே.

முதல்ல ஈயத்தைக் கழட்டு. நல்ல நரம்பு அனுப்புறன். நான் வரும்வரைக்கும் அது சுருளாவே கிடக்கட்டும். உன்ட வலக்கையைக் கடதாசியில வச்சு வரைஞ்சு அனுப்பு, மட்டைப் பிடிக்குத் தோல் சுத்துறதுக்கு அளவு வேணும்.

வேலைக்குப் போற வான் வந்திட்டுது. ஒண்டுமட்டும் மறைக்காம எழுது. பிடிக்கிற முறையை மாத்திக் காட்டினான் எண்டு எழுதினாயே, மட்டையைப் பிடிச்சா காட்டினவன், உன்ட கையைப் பிடிச்சா?

உன்ட கிளரன்ஸ்