நாலாவது கட்டத்து விலாசம்

என் தங்கப் பேத்திக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் மரியாதை. கேட்டுவிட்டேன்.

ஆண்டு விழா மேடையில் நான் வாசிக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பிய பேச்சை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "இந்தத் திட்டம் எங்கள் தெருவுக்கு ஒளியாக வந்தது" என்று முதல் வரி. நான் ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன், உனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை நாலு நாளாக வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை.

உன் நிறுவனம் நம் ஜெபவீட்டோடு கைகோத்தபோது என்னைப் போல் பெருமைப்பட்டவர் யாரும் இல்லை. சலவைக்கடையில் சொன்னேன், பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னேன். "என் பேத்தி ஏற்பாடு பண்ணினது. பெரிய ஆபீஸ். ஜெபவீடு, ஆஸ்பத்திரி, பேக்கரி எல்லாரையும் ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட வெச்சுட்டா" என்று. பேக்கரிக்காரர், "பாட்டியம்மா, உங்க பேத்தி கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேரை அழைக்க மாட்டீங்க போல" என்று கேலி செய்தார். நல்லதும் வந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். புது அடுப்பு வந்தது. குளிர்பெட்டி வந்தது. செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வந்து எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஜெபவீட்டின் அந்தச் சாப்பாட்டுக் கூடம் எப்படி நடந்தது என்று நீ கேட்டதில்லை. பழைய டயர் கிடங்கு அது. செவ்வாயும் வெள்ளியும் மதியம் பின்கதவு திறந்திருக்கும். சூப்பும் ரொட்டியும். வேலை போனவர்கள், வீடு போனவர்கள், குடித்துக் குடித்து எல்லாமே போனவர்கள் வருவார்கள். போதகர் முதல் நாளே சொல்லிவிட்டார், "யார் பேரும் கேட்காதீங்கம்மா. பசிக்குதுன்னு வந்தா அதுவே பேரு." அதனால் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். வெயிலிலும் குடையோடு வருகிறவர் குடைக்காரர். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவர் மூணுகரண்டி. சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து பட்டன் தைத்துக் கொடுக்கிறவள் பட்டன்காரி.

பட்டன்காரி சாப்பிட வந்தவள். இரண்டே மாதத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று சூப்பு கிண்டினாள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. மீதி மூன்று விரலால்தான் தைப்பாள். கேட்டதற்கு, "கதவுல மாட்டிக்கிச்சும்மா" என்றாள். எந்தக் கதவு, யார் சாத்தியது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டிய வயது எனக்கு. புரிந்துகொள்ளவில்லை.

பிறகு உன் தொலைபேசி வந்தது. "பாட்டி, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். உன் முகத்தைப் பார்த்தா யாரும் பேரை மறைக்க மாட்டாங்க. பதிவேட்டை நீயே எழுது" என்றாய். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. உன் ஆபீஸ் ஆள், எப்போதும் கோப்பும் கையுமாகத் திரிகிறாரே, அவர் பச்சை அட்டை போட்ட நோட்டு கொடுத்தார். நாலு கட்டம். பேர், கணவர் அல்லது தகப்பன் பேர், இப்போது இருக்கும் இடம், முன்பு இருந்த விலாசம். முன்கதவுப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்தேன். பின்கதவைச் சாத்திவிட்டோம்.

பட்டன்காரி மூன்று தடவை வரிசையிலிருந்து நழுவிப்போனாள். நாலாவது தடவை கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஏதாவது ஒரு பேரைப் போட்டுக்குங்கம்மா" என்றாள் மெதுவாக. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடவுள் வீட்டுல உட்கார்ந்துகிட்டு என்னைப் பொய் எழுதச் சொல்றியா?" என்று எல்லார் முன்னிலையிலும் அதட்டினேன். அவள் சொன்னாள். நாலு கட்டத்தையும் சொன்னாள். நான் தப்பில்லாமல் எழுதினேன்.

அந்தப் பேரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதினது போதும்.

அதற்கப்புறம்தான் உன் ஆபீஸ் விதிகளில் ஏழாவது விதி வந்தது. நமக்கு வேண்டியவர்களுக்கே கொடுக்கிறோம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் பட்டியலைத் தெருவைப் பார்த்த கண்ணாடிப் பலகையில் ஒட்ட வேண்டும். பெரிய தாளில் அறுபத்துமூன்று பேரையும் அழகாக எழுதி நானே ஒட்டினேன். பின்சந்து வழியாகப் போனால் எனக்குக் கிட்ட. இருந்தாலும் என் எழுத்தைப் பார்ப்பதற்காக மூன்று வாரம் முன்தெரு வழியாகச் சுற்றிப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒருவன் வந்து பலகை முன்னால் நின்றான். தலை வாரி, சட்டை தேய்த்து, கையில் ஒரு பை பழம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். உள்ளே வந்து, "இது உங்க எழுத்தாம்மா? அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு. பட்டன்காரியின் பேரைச் சொல்லி, "இவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டான். "உட்காருங்க தம்பி, இப்போ வந்திடுவா" என்றேன். தேநீர் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன்.

அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து அவனைப் பார்த்தாள். கத்தவில்லை. குடத்தை வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். அவன் அவள் முழங்கையைப் பூப்போலப் பிடித்திருந்தான். வாசலில் திரும்பி என்னிடம், "சூப்பு அடுப்புல இருக்கு. அடி பிடிச்சிடும், பார்த்துக்குங்கம்மா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் போதகரிடம் போனேன். "புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம தலையிட முடியுமா பாட்டியம்மா?" என்றார். பேசும்போது அவர் கண் குளிர்பெட்டிமேல் இருந்தது. உன்னிடம் தொலைபேசியில் அழுதேன். "பாட்டி, இவ்வளவு பெரிய வேலையில ஒண்ணு ரெண்டு இப்படி நடக்கத்தான் செய்யும்" என்றாய். ஒண்ணு ரெண்டு! சூப்பில் விழுந்த முடியைச் சொல்கிற மாதிரி சொன்னாய். அன்றைக்கு வைத்த தொலைபேசிதான், அதற்குப்பின் நான் எடுக்கவில்லை.

தெருவில் இந்தச் செய்தி பரவ அரை நாள் ஆகவில்லை. குடைக்காரர் வருவதில்லை. மூணுகரண்டி எதிர்ப்பட்டால் தெரு மாறிப் போகிறார். இப்போது ஒன்பது பேர்தான் வருகிறார்கள். புதுச் சுண்ணாம்பு பளபளக்கிறது, நாற்காலி காலியாகக் கிடக்கிறது. உன் அறிக்கையில் மட்டும் அறுபத்துமூன்று பேரும் தவறாமல் வந்து வயிறாரச் சாப்பிடுகிறார்கள்.

பலகைத் தாளைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். கோப்புக்காரர் நோட்டு எங்கே என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். நீங்கள் கொடுத்த புது அடுப்பில்தான் பக்கம் பக்கமாக வைத்தேன் என்று அவரிடம் சொல்லிவிடு. நன்றாக எரிகிறது, குறை சொல்ல முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் சாத்தவில்லை. பேக்கரிக்காரர் ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்.

ஒரே ஒரு வரியை மட்டும் எரிக்காமல் வெட்டி எடுத்து, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அதில் நாலாவது கட்டத்தைப் பார். அவள் முன்பு இருந்த விலாசம். நீ இருக்கிற ஊர்தான், உன் ஆபீஸிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் இருக்கும். அவன் அவளை வேறெங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பான்?

நீங்கள் கதவு தட்டுவதில் கெட்டிக்காரர்கள். இந்தத் தெருவில் நீங்கள் தட்டாத கதவு இல்லை. இந்த ஒரு கதவையும் தட்டு. பகலில், அவன் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஆபீஸ் பெண்கள் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போ. அவள் விட்டுப்போன பட்டன் பையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், அதைக் காட்டினால் நீ யார் அனுப்பிய ஆள் என்று அவளுக்குத் தெரியும். கதவு திறந்தால் பேர் கேட்காதே. கையெழுத்து வாங்காதே. படம் எடுக்காதே. சூப்பு அடி பிடிக்கவில்லை, பாட்டி பார்த்துக்கொண்டாள் என்று சொல். வருகிறாயா என்று ஒரு தடவை கேள். வருகிறேன் என்றால் உன் அறையில் படுக்க வை. உன் கட்டில் பெரியது என்று நீதான் எழுதியிருந்தாய்.

நீ போகாவிட்டாலும் என் பேத்திதான், அதை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் போய்விட்டு வந்து தொலைபேசி செய். முதல் மணியிலேயே எடுப்பேன்.

என் கை கெடுத்ததை உன் கால் நடந்து சரிசெய்யட்டும். அந்தக் காலில் ஒரு முள்ளும் தைக்காதிருக்க, காலையும் மாலையும் முழங்காலில் நிற்கும்

உன் பாட்டி