லிட்டருக்கு ஒன்பது

மார்ச் 4, புதன்
லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். போன வருஷம் இதே பிக்கப் பன்னிரண்டு கொடுத்தது. ஏற்றுவது பூச்செடித் தொட்டிகளும் உர மூட்டைகளும்தான், பாறாங்கல் இல்லை. நர்சரிக்காரர் இன்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்: "டீசல இப்படிக் குடிச்சா கட்டுப்படியாகாதும்மா. இந்த மாசம் பாக்கறேன். இல்லன்னா வேற வண்டிதான்."
வீட்டில் இப்போது சம்பாதிப்பது இந்த வண்டி ஒன்றுதான். வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 6
மெக்கானிக் பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை சுட்டது. பிரேக் ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. "ஆள் பிடிச்சு இழுக்க இழுக்க ஓடுன மாதிரிக்கா" என்றார். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கை மண். செடி நட்டிருக்கலாம். டயரில் காற்றும் குறைவு. எல்லாம் சரி செய்தாயிற்று.
பிறகு அண்ணாந்து வண்டியின் கூரையைப் பார்த்தார். "மேல இருக்கற கேரியரையும் கழட்டிடுங்க. காத்து அதுல மோதி வண்டிய இழுக்குது. சும்மாதானே கெடக்கு?"
சும்மாதான் கிடக்கிறது. வீட்டுக்காரர் ஏணிகளைக் கட்டிக்கொண்டு போன கேரியர். அவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, இனி ஏணியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
"அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

மார்ச் 11
பத்தரை.

மார்ச் 14
கிளட்சின் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கத்தை விட்டேன். சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். ஆனாலும் பதினொன்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நெடுஞ்சாலையில் கேரியர் ஊளையிடுகிறது. முன்பும் ஊளையிட்டிருக்கும் — இப்போதுதான் காதில் விழுகிறது.

மார்ச் 19
கழற்றிவிட்டேன். அவரைக் கேட்காமல். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மெக்கானிக்கும் நானும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.
சாயங்காலம் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்.
"எங்க அது?"
"மெக்கானிக் ஷெட்ல இருக்குங்க. மைலேஜுக்காக—"
"ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"
கேட்டிருந்தா வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க? நான் மட்டும் ஆசப்பட்டா கழட்டினேன்? இந்த ஓட்டமும் போச்சுன்னா அடுப்பு எப்படிங்க எரியும்?
இதெல்லாம் இங்கே எழுதுகிறேன். அவர் முன்னால் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 23
பன்னிரண்டு. நர்சரிக்காரர் வேறு வண்டிப் பேச்சை விட்டுவிட்டார். வீட்டில் பேச்சே இல்லை.

மார்ச் 25
சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெயின்ட் கடைக்காரன் திரும்பவும் கூப்பிட்டான். கலர் கலந்து குடுக்கற வேல. உக்காந்தே பாக்கலாம்."
போன தடவை, கடையில் உட்கார நான் என்ன பொம்மையா என்று போனை வைத்தவர்.
"நீங்க என்ன சொன்னீங்க?"
"வரேன்னு சொல்லிட்டேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஏணிங்கள யாருக்காச்சும் குடுத்துடு. எடத்த அடைக்குது" என்றார்.
"சரிங்க" என்றேன்.

மார்ச் 30, திங்கள்
அவருக்கு முதல் நாள் வேலை. கடை சாலைக்கு அந்தப் பக்கம். வாசலில் இறக்கிவிட வேண்டுமென்றால் நெடுந்தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டேன்.
"எதுக்கு அவ்வளவு தூரம் சுத்தற? இங்கயே நிறுத்து. டீசல் என்ன சும்மாவா வருது?"
தடியை ஊன்றி இறங்கினார். நடுச்சாலையில் ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினார். டிரைவர் ஏதோ கத்தினான். இவரும் பதிலுக்கு ஏதோ கத்தினார். பழைய குரல்.
கடைப் படியேறி அவர் உள்ளே போகும்வரை நான் நகரவில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.