வியெலூனில் இருக்கும் இணைச்சீர்காரிக்கு

நாமக்கல்,
ஆடி 12

அன்புள்ள யுவஸ்ரீக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் அண்ணன் சபரிநாதன் மூவரும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க நம் ஆஞ்சநேயர் துணை. தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ அனுப்பிய வியெலூன் ஊர் வீடியோவை நாலு தடவை பார்த்தேன். அறுநூறு வருஷத்துக்கு மேலான கோட்டைச் சுவர், அதைத் தாண்டிப் போனால் உன் டிரெய்லர் கம்பெனி. இரண்டாம் உலகப்போரின் முதல் நாளே குண்டு விழுந்த ஊராமே, இடிந்த சர்ச்சின் அஸ்திவாரத்தை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். நம் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டும் ராசுவிடம் காட்டினேன். ஊர் சுத்தமாத்தான் இருக்குதுங்க, பாப்பாவுக்குப் பேச்சுத்தொணைக்குத்தான் ஆளக் காணோமுங்க என்றான். 

ஆவணியில் அண்ணன் கல்யாணம். கூடப்பிறந்தவள் பட்டுடுத்திப் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் நம் சனத்தில் எவன் தாலி கட்டியிருக்கிறான்? அதனால் அங்கே தங்குவதற்கான கார்டு வராவிட்டாலும் கிளம்பி வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் எம்புள்ள வாராளுங்க என்கிறாள். கார்டு கைக்கு வருமுன் அந்த நாட்டை விட்டு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், மறுபடி விசாவுக்கு நாயாய் அலைய வேண்டும் என்று சொன்னவள் நீதானே. மூன்று வருஷம் பாடுபட்டுப் பிடித்த வேலை. வராதே சாமி. உன் பெரியப்பா மகள் நித்யஸ்ரீ அந்த இடத்தில் உட்காரட்டும், வழக்கத்தில் அதற்கு இடமுண்டு. அண்ணனிடம் கேட்டேன். நித்யா உக்காரட்டுமுங்க, சீர்ச்சேலை மட்டும் பாப்பாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

எனக்கு மட்டும் ஆசையில்லையா? போன வாரம் மண்டபம் பார்க்கப் போனேன். அந்த மேடையில் நீ உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். மண்டபக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். தலைசுற்றல் என்று சொல்லி வைத்தேன்.

கம்பெனியில் வெல்டிங் புகைக்கு முகமூடி போட்டுக்கொள். ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு கை அரிசி வை. தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாயிரு. நீ வரவில்லையென்று அம்மாவிடம் நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அதற்கப்புறம் அவள் அழுதுகொண்டே உனக்குப் போன் போடுவாள். அப்போது என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. உன் குரலைக் கேட்டால் நானும், வந்துவிடு என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தண்டாயுதபாணி