அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

ஆரணி,
கார்த்திகை 6.

அன்புள்ள ஹேமநாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். அங்கே நீயும் ரீனாவும், அவள் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். மெல்பர்னில் வெயில் தொடங்கியிருக்கும். இங்கே மூன்று நாளாக விடாத தூறல், தெருவில் தறிக்குப் பாவு நீட்ட முடியாமல் எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நானும் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். இது முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம். தவிர, இதில் நான் செய்த தப்பு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம், செய்த தப்பை எழுதிக் காட்டு என்று சொன்னவள், நானும் எழுதித்தானே காட்ட வேண்டும்.

ஆடி மாதம் நீ வீடியோவில் வந்து, ரீனாவுக்கு மூன்றாம் மாதம் என்று சொன்னாயே, அன்றைக்கு அப்பா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் நீ, அப்பாவுக்கு இன்னும் எங்க கல்யாணத்து மேல கோவமாம்மா என்று மெசேஜ் அனுப்பினாய். அதெல்லாம் இல்லை, உடம்பு அசதி என்று பதில் போட்டேன். உனக்கும் அது போதவில்லை, எனக்கும் போதவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். உண்மையான பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்து ஐந்து வருஷம் ஆகிறது. கை நடுங்கினால் மாத்திரை, கால் தரையோடு ஒட்டிக்கொண்டால் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் வழி தேடினோம். ஆனால் அவர் நம் சேலைக் கடைக்குப் போவதை நிறுத்தினாரே, பேப்பரைத் தொடாமல் விட்டாரே, விடிந்து வெகுநேரம் ஆகியும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, இதற்கு நான் வழி தேடவில்லை. எல்லாம் அதே வியாதிதான் என்று விட்டுவிட்டேன். யாரிடம் சொன்னாலும், இந்த வியாதி வந்தா யாருக்குத்தாங்க மனசு நல்லாருக்கும் என்றார்கள், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், கணக்கில் எப்போதும் முட்டைதான். மந்தம் என்று முடிவு கட்டியிருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து போர்டில் எழுதுவது அவனுக்குத் தெரியவில்லை என்று ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. கண்ணாடி போட்டதும் அந்த வருஷமே அறுபது வாங்கினான். அந்தக் கதையை எத்தனை கூட்டத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன், வீட்டில் எனக்கே அது ஞாபகம் வரவில்லை பார்.

இனி என் தப்பு. வேலூரில் நாம் காட்டும் நரம்பு டாக்டரிடம் நாலு மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம் அல்லவா, அங்கே போன வருஷத்திலிருந்து உள்ளே அனுப்புவதற்கு முன் நர்ஸ் ஒரு தாள் கொடுக்கிறார். மனசு சம்பந்தமான கேள்விகள் அதில் இருக்கும். முன்பு பிடித்த வேலை இப்போதும் பிடிக்கிறதா, எதிர்காலம் பற்றி நம்பிக்கை இருக்கிறதா, இந்த மாதிரி. முதல் தடவை நர்ஸ் படித்துக் கேட்டதற்கு அப்பா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த தடவை நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தக் கேள்விகளை ஞாபகமாக நோட்டில் எழுதி வைத்திருந்து, பஸ்ஸில் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். ஆரணியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி, கண்ணமங்கலம் வருவதற்குள் பாதி, வேலூரில் இறங்குவதற்குள் மறுபடி ஒரு ரிவிஷன். நம்பிக்கை இருக்கிறதான்னு கேட்டா, இருக்குதுங்கன்னு பட்டுன்னு சொல்லணும், யோசிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். அவரும் மறுக்காமல் தலையாட்டினார். அங்கே போனதும் அவர் பதில் சொல்லச் சொல்ல, கை நடுங்குகிறது என்று தாளை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை இப்படி. மூன்றாம் தடவை டாக்டர், என்கிட்ட வர்றவங்கள்ல இவ்ளோ சந்தோஷமான ஆளு நீங்கதாங்க என்று அப்பாவின் தோளைத் தட்டினார். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைப் பார்ப்பது போல நான் பூரித்துப் போனேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் நாங்கள் போன அன்று மனநல டாக்டர் ஒரு பெண் புதிதாக வந்திருந்தார், சாரா என்று பெயர், உன் அத்தை மகள் பானுப்ரியா வயதுதான் இருக்கும். வாரம் ஒரு நாள் அங்கே வருகிறாராம். அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதிலெல்லாம் ரொம்ப அழகான கையெழுத்துல இருக்குதே, யாருதுங்க இது என்று கேட்டார். என்னுடையதுதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தபடி, அப்ப நீங்க நல்லாருக்கீங்கன்னு தெரிஞ்சிகினேன், இனிமே அய்யா எப்படி இருக்காருன்னு பாக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய முதல் ஆள் அவர்தான். ஆனால் அன்றைக்கு மணி பன்னிரண்டு, காலை மாத்திரையின் வேகம் இறங்கிவிட்ட நேரம், அப்பாவுக்குக் குரலே எழும்பவில்லை. அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பத்து மணிக்கு வாங்க, ஒன்பது மணி மாத்திரையை பஸ்ஸிலேயே போட்டுகினு வாங்க என்று அனுப்பினார். ஐந்து வருஷமாக எங்களுக்குக் கிடைத்த டோக்கன் எல்லாம் பன்னிரண்டு மணிக்குத்தான். அப்பாவால் பேச முடியாத நேரத்திலேயே அவரை எல்லாரும் கேள்வி கேட்டிருக்கிறோம்.

அந்த வாரம் நடுவில் தேவிகாபுரத்திலிருந்து உன் ராஜம்மாள் அத்தை பஸ் ஏறி வந்துவிட்டார். ஏம்மா திலகவதி, என் தம்பிய மூளை டாக்டர்கிட்ட கூட்டிகினு போறியாமே, எங்க வம்சத்துல யாருக்காவது மூளை பிசகியிருக்குதா, பானுவுக்கு வரன் பாக்கற நேரத்துல ஊரு என்னா பேசும் என்று ஒரே பேஜார். நான் பதில் தேடுவதற்குள் அப்பா வாயைத் திறந்தார். ரொம்ப மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாக, அக்கா, நான் போறேன் என்றார். மூன்றே வார்த்தைதான். அத்தை அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார்.

பத்து மணிக்கு உள்ளே போனவர் பதினொன்று வரை வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே நான் பட்ட பாடு இருக்கிறதே, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் தாய்மார்களை எத்தனை தடவை, போய் உட்காருங்கம்மா என்று விரட்டியிருக்கிறேன், அவர்களிடமெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அப்பாவின் சம்மதத்தோடு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரிடம் சொன்னதை அப்பாவே திரும்ப என்னிடம் சொன்னார். போன தை முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க ஒரு கூட்டம் காலையிலேயே கடைக்கு வந்ததாம். அப்பாதான் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சிரிக்கவில்லை, அந்த வியாதியில் முகத் தசை இறுகிவிடும் என்பது உனக்கே தெரியும். பெண்ணின் அம்மா, பெரியவரு மூஞ்சிய தூக்கி வச்சிகினு இருக்காரு, வேற கடைக்குப் போலாம் வா என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு மதியம் வரை போணி ஆகவில்லை. சிரித்துச் சிரித்தே சேலை விற்ற மனுஷன், தன் முகம்தான் போணியைக் கெடுத்தது என்று அன்றைக்கே தீர்மானித்து, மறுநாளிலிருந்து கடைக்குப் போகவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என் பையன் அப்பாவாகப் போறேன்னு சொன்னான், எனக்கு உள்ள அவ்ளோ சந்தோஷம், ஆனா மூஞ்சிக்கு வரல, கடைக்கு வந்த அந்தம்மா மாதிரி அவனும் தப்பா நெனச்சிகினு போயிடுவான்னு எழுந்து வந்துட்டேன் என்றார். ஹேமா, அவருக்கு உன் மேலும் கோபம் இல்லை, ரீனா மேலும் கோபம் இல்லை. நீ வீடியோவில் பேசிய அன்று ராத்திரி ரீனாவின் போட்டோவைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர் அவர். துவைக்கும்போது பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

இந்தச் சோர்வும் அந்த நோயின் ஒரு பகுதிதான், ஆனால் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டிய பகுதி இல்லை, இதற்கும் தனியாக வைத்தியம் உண்டு என்று டாக்டர் சாரா சொன்னார். ஒரு சின்ன மாத்திரை, வாரம் ஒரு நாள் பேச்சு, வீட்டில் தினமும் பேப்பரை உரக்கப் படிப்பது. எனக்குத் தனியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார், அவரைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். முதல் வாரம் நான் பெயில். காய்க்காரர், என்னா சார் வேணும் என்று கேட்டதற்கு மூன்றிலேயே கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஏழில், முருங்கக்கா என்றார். அன்று இரண்டும் வாங்கினோம்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை, புரட்டாசி முழுக்க மேலும் கீழுமாகத்தான் இருந்தது. ஐப்பசியில் உன் சித்தப்பா மகன் தமிழ்வாணன் விஷயம் தெரிந்து கடையிலிருந்து ஓடிவந்தான். இதுக்காகவா பெரியப்பா ஒரு வருஷமா வரல, அன்னிக்கு மழைங்க, தெருவுல எவன் கடையிலயும் போணி ஆகல, உங்க மூஞ்சிய யாரு பாக்கறாங்க, எல்லாம் சேலையத்தான் பாக்கறாங்க, ஜல்தி கெளம்புங்க என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று நடந்ததை அவன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். ஒரு கல்யாணக் கூட்டத்தில் எட்டுப் பெண்கள். அப்பா ஒரு சேலையைப் பிரித்துப் போட்டு ஏதோ சொல்ல, குரல் சின்னதாக இருந்ததால் எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திக் குனிந்தார்களாம். சிரிக்காத முகத்தோடு மெல்லிய குரலில் அவர் சொன்னதும், ஏதோ யாருக்கும் சொல்லாத ரகசியத்தைச் சொல்கிறார் என்று எண்ணி, மூன்று சேலையை எடுத்துவிட்டார்கள். அப்படி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பத்து எண்ணிக் காத்திருந்தேன். இது அரக்கு, அது மாம்பழம்னு சொன்னேன் டீச்சர், அவ்ளோதான் என்றார். அப்போது அவர் தோள் குலுங்கியது. முகம் அசையாவிட்டால் என்ன, அவர் சிரிப்பு இப்போது தோளில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். வீடியோவில் இனி நீயும் தோளைப் பார். போன வாரம் அத்தை வந்து அதைப் பார்த்துவிட்டு, அந்தம்மாகிட்ட எனக்கும் ஒரு டோக்கன் போட்டு வை, எனக்கும் ரெண்டு மாசமா தூக்கம் இல்ல என்றார். பத்து மணி டோக்கனாகப் போட்டிருக்கிறேன்.

ரீனாவை மாடிப்படி மெல்ல ஏறி இறங்கச் சொல். தையில் நான் கிளம்பி வருவதற்குள் அவளுக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று அவளையே கேட்டு எழுது, நீ சொல்லாதே. ஆண்டவன் துணையில் மூன்று பேரும் நிறைவாக இருங்கள், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உங்களோடு. ஒன்றை மறக்காதே. கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரி அனுப்பு. அதற்கு அடுத்த ஞாயிறு இங்கே காலை பத்து மணிக்கு, உனக்குப் பிற்பகல் மூன்றரைக்கு, அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். நான் அந்த நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். அவர் வாய் திறக்கும் வரை பத்து எண்ணு. பத்தில் வராவிட்டால் இன்னொரு பத்து எண்ணு. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், கவலைப்படாதே.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா,
மா. திலகவதி.

(கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பது அப்பாவின் கையெழுத்து. எழுத எழுதச் சின்னதாகிவிடும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படி. என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாதாம்.)

ஹேமா, உங்கம்மா எழுதினத முழுசா திருத்திப் பாத்துட்டேன். பத்துக்கு எட்டு மார்க். ரெண்டு ஏன் கொறச்சேன்னா, கடைசி வரில நான் எப்படி இருக்கேன்னு மறுபடியும் அவளே எழுதிட்டா. நான் சொல்றேன் கேளு. நேத்து நல்லா இல்ல. இன்னிக்கு நல்லாருக்கேன். ஞாயித்துக்கிழம எப்படின்னு அன்னிக்கு நானே சொல்றேன். ரீனாவ பக்கத்துல உக்கார வை. அப்பா.