அக்கா மொழிபெயர்த்துச் சொன்னவை

தேலா, ஹோண்டுராஸ்
4 பிப்ரவரி 1996

என் உயிர் அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் கேரி அத்தானும் என் செல்லம் லிஸ்பெத்தும் நலமாக இருக்கக் கன்னி மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போட்டோ கிடைத்தது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதே! ஓட்டை வாயோடு சிரிக்கும்போது அப்படியே நம் அப்பாவின் சாடை. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஹூஸ்டனில் அந்த ஓட்டல் சமையலறையில், விசா இல்லை என்று என்னைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது அவளுக்கு மூன்று வயது. 'லிஸ்பெத்' என்றால் 'வந்துட்டேம்மா' என்று நம் பேச்சில் கத்திக்கொண்டு ஓடி வருவாள். போன ஞாயிறு போனில் அவள் பேசியதில் ஒரு சொல்லாவது எனக்கு விளங்க வேண்டுமே! ஊகும். 'அம்மாவை ரொம்பத் தேடுதாம். முத்தம் குடுக்கச் சொல்றா' என்று நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் நீ இருப்பதால் பிழைத்தேன். ஆனாலும் நான் பெற்றவள் பேசுவதை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்வது என்ன பிழைப்பு, சொல். வீட்டில் நீ அவளோடு ஸ்பானிஷ் பேசினால் என்ன?

சரி, அவளுக்கு ஸ்பானிஷ் வராவிட்டால் எனக்கு இங்கிலீஷ் வரட்டும். தென்ச்சா அம்மாளின் வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கூட்டுவது, கேசட் அடுக்குவது, திரும்பி வந்த கேசட்டை முதலுக்குச் சுற்றி வைப்பது. நாள் முழுக்க மூலையில் டிவி ஓடும். அமெரிக்கப் படங்கள்தான், கீழே ஸ்பானிஷ் எழுத்தோடு. முதல் நாள் முழுக்க எழுத்தைத்தான் படித்தேன், காது வேலையே செய்யவில்லை. இன்று செய்தித்தாளைக் கிழித்துத் திரையின் அடியில் ஒட்டிவிட்டேன். தென்ச்சா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'ஏண்டி எர்சிலியா, பாதிப் படத்தை மறைச்சு வெச்சா வர்றவன் டிவி ரிப்பேர்னு திரும்பிப் போயிடுவான்டி!' என்றாள். பிறகு அவளே ஒழுங்காக ஒட்டிக் கொடுத்தாள்.

லிஸ்பெத்துக்கு ஆயிரம் முத்தம்.

உன் தங்கை,
எர்சிலியா

---

ஹூஸ்டன்
27 பிப்ரவரி 1996

என் அன்புத் தங்கச்சி எர்சி,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். உனக்கு எதற்கு இந்தப் பாடு? வேலை செய்து அலுத்து வருகிறாய், அதற்கு மேல் இதுவா? நான் இருக்கிறேனே நடுவில். அவள் சொல்வதை உனக்கும் நீ சொல்வதை அவளுக்கும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

ஸ்பானிஷ் பேசக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் வரத் தாமதமானதால் ஒரே மொழியில் பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். கேரிக்கோ 'சாப்பாடு ஆச்சா' என்று கேட்கக்கூட நம் பேச்சில் வராது. சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தால் எந்த மொழி ஜெயிக்கும் என்று உனக்கே தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு அவளைக் கூட்டி வரப் பார்க்கிறேன். போன முறை போல வராமல் இருக்கமாட்டோம்.

உன் அக்கா,
நொயேமி

---

தேலா
19 மே 1996

என் உயிர் அக்காவுக்கு,

துப்பாக்கிப் படங்களை விட்டுவிட்டேன். ஏன் என்று கேள். போன மாதம் வெயிலில் வெந்து சிவந்த ஓர் அமெரிக்கர் கடைக்குள் வந்து ஏதோ கேட்டார். 'கொஞ்சம் இருங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'அசையாதே! அசைஞ்சா சுட்டுடுவேன்!' என்று வந்தது. மனிதர் நிஜமாகவே கையைத் தூக்கிவிட்டார். அன்று முழுக்கத் தென்ச்சாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. இப்போது யார் கடைக்குள் வந்தாலும், 'எர்சிலியாகிட்டப் பேசாதீங்க, சுட்டுடுவா' என்கிறாள்.

இப்போது வீட்டுக்குள்ளேயே நடக்கிற தொடர்கள்தான் பார்க்கிறேன். ஒரு சோபா, ஒரு சமையலறை, அம்மா, அப்பா, பிள்ளைகள். யாராவது ஏதாவது சொன்னால் எங்கிருந்தோ கூட்டமாகச் சிரிக்கிறார்கள். பிள்ளை பையைத் தூக்கி சோபாவில் எறிகிறது; அம்மா, 'இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துது?' என்கிறாள். எல்லாத் தொடரிலும் எல்லா அம்மாவும் இதையே கேட்கிறாள். 'செருப்பை மாட்டு', 'கையைக் கழுவிட்டு வா', 'என்ன ஆச்சு கண்ணு?' இவ்வளவும் எனக்கு வருகிறது. கேசட்டைத் துடைத்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு புரளாத இடத்தில் தென்ச்சா நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி போடுகிறாள். கேசட் தேய்ந்தால் தேயட்டும் என்கிறாள், அப்படி ஒரு மனசு.

பேசுவதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது சீக்கிரம் வந்துவிட்டது. அடுத்த முறை லிஸ்பெத்திடம் போனைக் கொடுத்துவிட்டு நீ கொஞ்சம் தள்ளிப் போயேன். நானே பேசிப் பார்க்கிறேன்.

உன் தங்கை,
எர்சிலியா

---

ஹூஸ்டன்
10 ஜூன் 1996

அன்புள்ள எர்சி,

அவசரமாக எழுதுகிறேன். லிஸ்பெத்துக்கு மறுபடி காதுவலி, மூன்று நாளாகத் தூக்கமில்லை. நீ போனில் இங்கிலீஷ் பேச வேண்டாம். நீ ஒன்று சொல்லி அவள் ஒன்று புரிந்துகொண்டால் பயந்துவிடுவாள். முன்பு போலவே நான் சொல்கிறேன். மெல்ல மெல்லப் பார்க்கலாம்.

நொயேமி

---

தேலா
8 ஜூலை 1996

அக்கா,

நேற்று நான் கூப்பிட்டபோது இங்கிலீஷில் ஒன்றும் பேசவில்லை. நீ சொன்னபடியே கேட்டேன். ஆனால் காதை என்ன செய்வது?

தொலைபேசி அலுவலகத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். நீ அவளைக் கூப்பிட்டாய். வந்தாள். இங்கிலீஷில் கேட்டாள்: 'ஆன்ட்டி எர்சியா? நான் பேசியே ஆகணுமா, மம்மி?'

நீ ரிசீவரைக் கையால் பொத்தக்கூட இல்லை. எனக்குத்தான் புரியாதே, எதற்குப் பொத்த வேண்டும்? 'ஒரு ஹலோ சொல்லிட்டுப் போம்மா, ஆன்ட்டி தூரத்துலேருந்து கூப்பிடறாங்க' என்றாய். அவள் 'ஹலோ' என்றாள். உடனே என்னிடம் நம் பேச்சில், 'அம்மா எப்ப வருவாங்கன்னு கேக்கறா எர்சி' என்றாய். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை, அவ்வளவு பழக்கம்.

நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்தேன். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். கேட்டாய். 'ஒண்ணும் வேணாம் மம்மி, போன தடவை அனுப்பின கவுன் குத்துது' என்றாள். நீ என்னிடம், 'நீ தைச்சு அனுப்பின கவுன் மாதிரியே இன்னொண்ணு வேணுமாம், அதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா' என்றாய்.

நீ மம்மி. நான் ஆன்ட்டி.

வெளியே யாரோ கூண்டின் கண்ணாடியைத் தட்டினார்கள். ரிசீவரை வைக்காமலே நின்றிருக்கிறேன் போல. கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தென்ச்சா டிவியை அணைத்தாள். 'யாருடி செத்தா?' என்றாள்.

நான்கு வருஷமாக அவள் என்னைத் தேடுகிறாள் என்று நீ சொன்னதை வைத்துத்தான் எழுந்தேன், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். அதில் அவள் சொன்னது எது, நீ சொன்னது எது? ஒன்றாவது அவள் சொன்னதா? அதை மட்டும் எழுது.

எர்சிலியா

---

ஹூஸ்டன்
21 ஜூலை 1996

எர்சி,

முதல் வருஷம் சொன்னது எல்லாம் உண்மை. அதை மட்டும் நம்பு. உன் தலையணை உறையைக் கட்டிக்கொண்டு, வாந்தி எடுக்கும்வரை அழுவாள். வாசல் மணி அடித்தால் 'அம்மா' என்று ஓடுவாள், தபால்காரரைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொள்வாள். அதை உன்னிடம் முழுவதும் சொல்லவில்லை. நீ தாங்கமாட்டாய் என்று பாதியாகச் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அழுகை நின்றது. பாலர் பள்ளி வாசலில் எல்லாப் பிள்ளைகளும் 'மம்மி, மம்மி' என்று கத்தியபோது இவளும் கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். அங்கே வைத்து, 'நான் உன் அம்மா இல்லை' என்று எப்படிச் சொல்வேன்? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றிருந்தேன். வீட்டுக்கு வந்தோம். சொல்லவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும் எர்சி. அந்தச் சொல்லை யாராவது என்னைப் பார்த்துச் சொல்வார்கள் என்று நான் நம்புவதை விட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

உன் முகத்தை அவள் மறந்துகொண்டே வந்தாள். போனில் உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குக் கூட்டி வராததும் பயத்தால்தான். உன்னைப் பக்கத்தில் பார்த்தால் தன் சாடையை அவள் கண்டுகொள்வாள்.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. கேரி அவளைச் சட்டப்படி எங்கள் பிள்ளையாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். அதற்கு உன் கையெழுத்து வேண்டும். இந்த நேரத்தில் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அவள் தலையில் மட்டும் இடியை இறக்கிவிடாதே.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு கூப்பிடு. அவளே எடுப்பாள். நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ சொல். தடுக்கமாட்டேன்.

உன் அக்காதான், நீ இல்லை என்று சொன்னாலும்,
நொயேமி

---

தேலா
5 ஆகஸ்ட் 1996

நொயேமி,

நேற்று பேசினேன். நீ பின்கட்டுக்குப் போய் நின்றிருப்பாய், காது மட்டும் உள்ளேதான் இருந்திருக்கும். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

'ஹலோ ஆன்ட்டி. மம்மி தோட்டத்துல இருக்காங்க. உங்களுக்கு இங்கிலீஷ் வராதே, இப்ப என்ன பண்றது?' என்றாள்.

'வரும். கத்துக்கிட்டேன்' என்றேன்.

'நிஜமாவா! யார் சொல்லிக் குடுத்தா?'

'டிவி.'

சிரித்தாள். நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்து நான் கேட்பது நான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், 'இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துது?' என்று கேட்டுவிட்டேன்.

'இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆன்ட்டி! அதோட லீவு!'

அதற்கு மேல் அந்த அம்மாக்கள் என்ன பேசுவார்கள் என்று மறந்துபோயிற்று. அவள்தான் பேசினாள். புதுப்பல் கோணலாக முளைக்கிறதாம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்று வேண்டுமாம், டாடி யோசிக்கிறாராம். 'நீங்க போன் பண்ணிட்டு வெச்சா மம்மி பாத்ரூம்ல போய் அழறாங்க, ஏன்?' என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாயில் தயாராகத்தான் வைத்திருந்தேன், நொயேமி. படங்களில் இதைச் சொல்லும்போது பாட்டு வரும், பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். நான் நின்றது கண்ணாடிக் கூண்டு. சொன்னால் அவள் ஓடுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? உன்னிடம்தான் ஓடுவாள். அப்போது நீ அவளுக்கு யாராக இருப்பாய்? இதை நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

'ஆன்ட்டி, உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?'

'இருக்கா. ஒரு பொண்ணு.'

'என்னைவிடப் பெரியவளா?'

'உன் வயசுதான்.'

'அவகிட்ட போனைக் குடுங்களேன்!'

'இங்க இல்ல கண்ணு. தூரத்துல இருக்கா.'

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'அவளைப் பாக்கணும்னு இருக்குமா உங்களுக்கு?' என்றாள்.

'தினமும்.'

'அப்ப அவளுக்குப் போன் பண்ணுங்க ஆன்ட்டி. பாவம், காத்துக்கிட்டு இருப்பா.'

பண்ணுகிறேன் என்றேன்.

அந்தக் காகிதத்தை அனுப்பாதே. கையெழுத்துப் போடமாட்டேன். கேரியிடம் எப்படிச் சொல்வாயோ அது உன் பாடு. அவளிடம் நானாக ஒன்றும் சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது, அவள் தாங்கும் வயதில். அதற்குள் அவளே கண்ணாடியைப் பார்த்துத் தன் சாடை யாருடையது என்று தெரிந்துகொண்டால் அப்போதும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிறுதோறும் கூப்பிடுவேன். நீ எடுத்தால் அவளிடம் கொடுத்துவிடு. நடுவில் நிற்காதே. இனி உனக்கு எழுதுவதாக இல்லை. கோபத்தால் இல்லை என்று எழுதிவிட்டு அடித்தேன். கோபத்தால்தான்.

அவளுக்குக் காதுவலி வந்தால் மட்டும் எனக்குத் தெரிவி. பாதியாக வேண்டாம், முழுவதும் எழுது.

எர்சிலியா