பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது

கடலை விட்டுவிட்டுக் காரில் ஏறிய என் எத்திராஜுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. கடை நடக்கிறது. உன் தேசம்மாவும் பிள்ளைகளும் சுகம். வண்டிக்குத்தான் சுகமில்லாமல் போயிற்று. அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? வண்டியில் பாதி உன்னுடையதாயிற்றே.

பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. சும்மா ஓடுகிறபோது ஒன்றும் தெரியாது, நேராகத்தான் போகும். பிரேக்கை மிதித்தவுடன் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோட்டோரத்துக்குப் பாயும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ரோட்டோரம் யார் இருப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கூடைக்காரிகள், தீப்பெட்டி ஆலைக்கு நடந்து போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

என் முதல் சந்தேகம் உன் தம்பி கன்னியப்பன் மேல்தான். நீ போன பிறகு அவன்தானே டாக்சி ஓட்டுகிறான். நீ இப்போது சிரிப்பாய். "அண்ணாச்சி எடக்கல்லயே எட போட்டுப் பாக்கற ஆளு" என்று என் கடைக்கு மளிகை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவன்தானே நீ. சிரித்துக்கொள். ஆனால் கேள்.

அவன் சாயங்காலமானால் எண்ணூர்ப் பக்கம் சவாரி போகிறான். யாரை ஏற்றினாய் என்று கேட்டால், "பார்ட்டி அண்ணாச்சி" என்பதோடு வாயை மூடிக்கொள்கிறான். அது போதாதென்று வண்டிக்குள் ஒரு வாடை. மீன் வாடை என்றால் உங்கள் குப்பத்துக்குப் பழகியது. எனக்கும் பழகிவிட்டது. ராயபுரம் ஸ்டேஷனில் ஏறுகிற பட்டணத்து அம்மாளுக்குப் பழகுமா? ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியில் இறங்கிவிட்டாள்.

"கருவாடு ஏத்துனியால?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. எனக்கும் அந்த நாத்தம் எங்கேந்து வருதுன்னு தெர்ல. தண்ணி ஊத்திக் கயுவிகினுதான் கீறேன்."

நான் நம்பவில்லை. மதுவிலக்கு வந்த பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். சாராயத்தை டிக்கியில் ஏற்றுகிறான், எல்லாவற்றையும் இடப்பக்கமாக அடுக்குகிறான், பாரத்தில் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது, அதனால்தான் வண்டி இழுக்கிறது, சாராய வாடையை மறைக்க மீன் கழுவின தண்ணீரைத் தெளிக்கிறான். இப்படி உட்கார்ந்த இடத்திலேயே முழு வழக்கையும் ஜோடித்துவிட்டேன். அவன் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஒரு கந்தல் துணியும் இருந்தன. ஒன்றும் இல்லாததே எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. டிக்கியை இவ்வளவு துப்புரவாக எந்த டிரைவர் வைத்திருப்பான்?

அவனை இறக்கிவிட்டு வேறு டிரைவர் போடுவதென்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். வெளியாளுக்குச் சம்பளம் கொடுத்தால் உன் வீட்டுக்குப் போகிற பங்கு தேய்ந்துவிடும். அது தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தேன். உன் பிள்ளைகள் சாப்பிடுகிற சோறு அது, எத்திராஜ்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வண்டியைக் காட்டச் சொல்லி அவன்தான் முதலில் நச்சரித்தான். நம்ம காதர் பாய் ஷெட்டுக்குப் போனோம். பாய் முதலில் டயர்களில் காற்று பார்த்தார். இரண்டு பக்கமும் சமம். ஸ்பிரிங்கும் சரியாக இருந்தது. அத்தோடு என் வழக்கில் பாதி விழுந்தது. பிறகு பாய் இடது சக்கரத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் பிரேக் ரொம்பப் பிடிக்குது, அதான் பேஜாரு" என்று சொல்லி அதைத் தளர்த்திவிட்டார்.

திரும்பி வருகிறபோது கன்னியப்பனுக்குப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கைவண்டிக்காரர் குறுக்கே வந்தார். கன்னி பலமாக மிதித்தான். இழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. இடது கைப்பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்த்தான் நின்றது. அவள் எங்கள் இரண்டு பேருடைய பரம்பரையையும் இழுத்து வைத்துத் திட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தராசு இடது பக்கம் சாய்ந்தால் இடது தட்டில் கூட இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வலது தட்டில் குறைந்தாலும் அப்படித்தான் சாயும். நாள் முழுக்கத் தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிற எனக்கே இது தோன்ற இத்தனை நாள் ஆயிற்று. இடது சக்கரம் அதிகமாகப் பிடிக்காமல், வலது சக்கரம் பிடிக்காமலே இருந்தால்?

வண்டியை மறுபடி ஷெட்டுக்கே திருப்பச் சொன்னேன். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். கன்னியைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு, யாரையும் நம்பாமல் நானே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இடது சக்கரம் அசைய மறுத்தது. வலது சக்கரம் பிரேக்கே இல்லாத மாதிரி தாராளமாகச் சுற்றியது.

"பாய், இதக் கழட்டும்" என்றேன்.

கழற்றினார். டிரம்முக்குள், சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற லைனர் முழுக்க எண்ணெய். தொட்டால் வழுக்குகிறது. அதிலிருந்து கிளம்பியது பார் ஒரு நாற்றம், காதர் பாய் "கலீஜ், கலீஜ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டிக்குள் இத்தனை நாள் நான் மோந்த அதே வாடை. பின்பக்கத்து வலது சக்கரத்திலும் அதே கதை.

கன்னி விரலில் தொட்டு மோந்தான். "படகுக்கு அடிக்கிற மீன் எண்ணெ அண்ணாச்சி" என்றான். சொன்னவன் சட்டென்று விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, "நான்தான் பூசினேன். துரு ஏறக்கூடாதுன்னு. தப்புதான், மன்ச்சிக்கோங்க" என்றான்.

எத்திராஜ், கேட்பதற்கு முன்னாலேயே ஒப்புக்கொள்கிறவனை என்னால் நம்ப முடியாது. வாடை எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் நாள்தோறும் வண்டியைக் கழுவினவன், தானே எண்ணெய் பூசினேன் என்கிறான். யாரையோ காப்பாற்றுகிறான். யாரை?

சக்கரங்களைப் பெட்ரோல் விட்டுக் கழுவித் துடைத்தோம். மறுநாள் புது லைனர் போடுவதாகப் பேச்சு. அதுவரை மெதுவாக ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அடுத்த நாள் விடிகாலையில், ஒருவருக்கும் சொல்லாமல் உங்கள் குப்பத்துக்கு நடந்தேன்.

கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகின் பின்னால் ஒளிந்து நின்றேன். இந்த வயதில் இந்தத் தொப்பையோடு. உன் வீட்டு வாசலில் வண்டி வடக்குப் பார்த்து நின்றது. வலப்பக்கம் முழுக்கக் கடலைப் பார்த்து இருந்தது. நீ இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் நிறுத்துவது வழக்கம் என்று அப்போதுதான் கவனித்தேன்.

கதவு திறந்தது. தேசம்மா வந்தாள். ஒரு கையில் சிரட்டை, ஒரு கையில் துணி. மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து வலது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துடைத்தாள். துடைத்துவிட்டுச் சிரட்டையை அப்படியே உள்ளே சாய்த்தாள். தோணியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டாள். வாய் எதையோ முணுமுணுத்தது, எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டது.

"யாரு... அண்ணாச்சியா? இன்னா அண்ணாச்சி, காலங்காத்தால?"

"சும்மாத்தான் தாயி வந்தேன். இது என்னது?"

"கடக் காத்து அடிக்கிற பக்கம் துரு தின்னுதே. ஆஸ்பத்திரில படுத்துகினு அவரு இத்தையேதான் சொல்லிகினு இருந்தாரு. வண்டிய உப்பு தின்னுடும் தேசம்மா, பாத்துக்கோன்னு. அதான் படகுக்கு அடிக்கிறாப்பல அடிக்கிறேன். உள்ளாறதான் துரு ஜாஸ்தி கீது. நல்லா ஊத்தி வுடறேன்."

நீயா சொன்னாய்? சொன்னதுதான் சொன்னாய், எங்கே பூச வேண்டும், எங்கே பூசக்கூடாது என்று சேர்த்துச் சொல்ல உனக்கு மூச்சு இல்லாமல் போயிற்றா?

அவள் எனக்குக் காப்பி வைக்க உள்ளே போனாள். கன்னி வெளியே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணிகிட்ட சொல்லாதீங்க அண்ணாச்சி. அண்ணன் போனதிலேந்து அது வூட்ட வுட்டு வெளில வர்றதே இந்த வண்டிகிட்டதான். இது இல்லன்னா படுத்த பாயிலேந்து எழுந்திருக்காது. தொடைக்குதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன், எண்ணெ ஊத்துதுன்னு எனக்கு நேத்துதான் புரிஞ்சுது. இன்மே வண்டிய திருப்பி நிறுத்திக்கறேன்."

"திருப்பி நிறுத்துனா இடது பக்கத்துக்கும் ஊத்துவாலே. அப்புறம் எந்தப் பக்கமும் பிரேக் இருக்காது. நேரே போயி முட்டுவ."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இவனைத்தான் சாராயக் கடத்தல்காரன் என்று தீர்மானித்திருந்தேன். எண்ணூர் பார்ட்டி யாரென்றும் கேட்டுவிட்டேன். அங்கே ஒரு பங்களாவில் நோய்வாய்ப்பட்ட பெரியவர் இருக்கிறாராம், அவருக்காக டாக்டரை ஏற்றிக்கொண்டு போகிறானாம். நோயாளி வீட்டு விஷயத்தை வெளியே ஏன் பேச வேண்டும் என்று சும்மா இருந்தானாம். டாக்டரையும் ஒரு தரம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். அது என் குணம்.

ஆனாலும் தேசம்மாவிடம் சொல்லாமல் விட முடியுமா? அந்த மீன்காரியின் முழங்கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. காப்பி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. எண்ணெய் படிந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கன்னிதானே இத்த ஓட்டிகினு போச்சு, இத்தன நாளும்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அப்போ நான் இன்னா செய்யறது அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னைக்குப் புதுசா லைனர் போடுதாங்க. சாயங்காலம் வண்டியில ஏறு. பிரேக் சரியாயிட்டான்னு நீயே பாரு."

ஏறினாள், எத்திராஜ். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "புருசன் போயி மூணு மாசம் ஆவல, காரு கேக்குதா?" என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று எனக்குச் சந்தேகம் உண்டு, பெயர் எழுத மாட்டேன். தேசம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பின் சீட்டில், சவாரிக்காரர்கள் உட்காருகிற இடத்தில், ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் கன்னி பிரேக்கை மிதித்தான். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினான். வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது.

"இன்னொரு தபா" என்றாள் தேசம்மா.

கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினான். நேராக நின்றது. "இன்னொரு தபா" என்றாள். இப்படியே எண்ணூர் வரை போய்விட்டோம். பிரேக்கைச் சோதிக்கத்தான் கேட்டாள் என்று நான் நம்பவில்லை. போகப் போக ஓரத்திலிருந்து நகர்ந்து ஜன்னலுக்கு வந்துவிட்டாள். உப்பளத்தையும் ரயில் கேட்டையும் கழிமுகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். "இந்த வயியாத்தான் டெய்லி போவாரா?" என்று கன்னியைக் கேட்டாள். ஆமா அண்ணி என்று கன்னி வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

இப்போது என் சந்தேகம் உன் மேல். இத்தனை வருஷம் ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனாயே, ஒரு நாளாவது அவளை இந்த வண்டியில் ஏற்றினாயா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

இனிமேல் யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் நீ நம்பவும் மாட்டாய். இரண்டு வாக்குத் தருகிறேன். கன்னியை ஸ்டீயரிங்கிலிருந்து யாரும் இறக்க முடியாது, நானும்தான். மாதம் ஒரு தரம் எண்ணூர் வரை பிரேக் சோதனை உண்டு. கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தேசம்மா ஜன்னலோரம் உட்காருவாள்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் பெரியப்பா,
சுடலைமுத்து